மறு: 'பேர் மெட்டல் ரீஸ்டோர்' – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். இயங்குதளமே இல்லாத கணினியில் பழைய அமைப்பு முழுவதையும் நகலிலிருந்து திரும்பக் கொண்டுவருவதுதான் 'பேர் மெட்டல் ரீஸ்டோர்'. நாம் மொழிபெயர்க்கும் மென்பொருளின் பொத்தானுக்கு இதன் தமிழ்ப் பெயர் வேண்டும்.

> 'வெற்று உலோக மீட்பு' என்று வைக்கலாமா?

ஐயா, இதைக் கேட்டால் எனக்குப் பாத்திரக்கடைதான் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்தில் உலோகம் சும்மா பேச்சுக்கு. இயங்குதளம்கூட இல்லாத கணினி என்பதுதான் விஷயம். மெய்நிகர் கணினியிலும் இதே வேலையைச் செய்கிறோம், அங்கே உலோகத்துக்கு எங்கே போவது?

> 'முழு மீட்டமைப்பு' போதுமே.

போதாது. பல கைப்பேசிகளில் 'மீட்டமை' என்பதை ரீசெட்டுக்குப் போட்டுவிட்டார்கள். ரீஸ்டோர் போனதைத் திரும்பக் கொண்டுவரும், ரீசெட் இருப்பதையும் துடைத்துவிடும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் யாராவது ஒருநாள் அழுவார்.

போன மாதம் என் மேசைக்கணினியின் வன்தட்டு செத்துவிட்டது. க்ளோன்சில்லா என்ற வட்டு நகலெடுக்கும் மென்பொருளில் எடுத்த முழு நகல் கையில் இருந்தது. புது எஸ்எஸ்டி மாட்டி, யூஎஸ்பியிலிருந்து கிளப்பினால், நகலை இறக்க மாட்டேன் என்கிறது. பழைய தட்டு 500 ஜிபி, புதியது 480! சேருமிடம் சிறியதாக இருந்தால் அது ஒப்புக்கொள்ளாது. வேறொரு பெரிய தட்டில் இறக்கி, பார்ட்டிஷனை (தட்டின் பிரிவை) சுருக்கி, அப்புறம்தான் புதியதற்கு மாற்ற முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

தொலைந்த கோப்பு ஒன்றை எடுப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அன்று நன்றாக உறைத்தது. பார்ட்டிஷன் அட்டவணை, இயங்குதளத்தைக் கிளப்பிவிடும் கிரப், இயங்குதளம், அமைப்புகள், கோப்புகள் என எல்லாம் தரையிலிருந்து எழும்பி வர வேண்டும். வெறும் 'மீட்பு' என்றால் இது தெரியாது.

எனவே என் பரிந்துரை: வெறுங்கணினி மீட்பு. வெறுங்கை, வெறுந்தரை, வெறுஞ்சோறு என்று நாம் புழங்கும் அதே 'வெறும்'தான். குழம்பு ஊற்றாத சோறு போல, எதுவும் நிறுவாத கணினி.

---

> வெறுங்கணினி மீட்பு

சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு ஐயம். வெறுங்கணினியை மீட்பதா, வெறுங்கணினியில் மீட்பதா? மீட்கப்படுவது பழைய அமைப்பு அல்லவா?

---

சரியான கேள்வி. பட்டறை வேலை என்றால் பட்டறையில் செய்யும் வேலைதானே, பட்டறையையே செய்வதில்லை. அந்த வழியில் இதுவும் நிற்கும். பொத்தானில் இந்தப் பெயர், விளக்கக் குறிப்பில் மட்டும் 'வெறுங்கணினியில் முழு நகலை மீட்டல்' என்று விரித்து எழுதிவிடலாம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லையேல் இன்றிரவு மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.