சுமார் 2,000 ரூபாயில் இன்-இயர் இயர்போன்: உங்கள் காதுக்கும் பாட்டுக்கும் எது ஒத்துவந்தது?

தொடக்கப் பதிவு – மயிலாப்பூர்

நான் அதிகம் கேட்பது கர்நாடக சங்கீதம். அதிலும் பாதிக்கு மேல் பழைய வானொலிக் கச்சேரிகளும், சபாக்களில் ரசிகர்கள் ஒலிநாடாவில் பதிந்து வைத்தவையும்தான். என் அனுபவம் அந்த எல்லைக்குள் அடங்கியது என்பதால், பிற இசையைக் கேட்பவர்களும் தங்களுக்கு ஒத்துவந்ததை எழுதினால் வாங்கப்போகிறவர்களுக்குப் பயன்படும்.

2022 ஆம் ஆண்டில் மூன்டிராப் சூ, செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ ஆகிய இரண்டும் ஏறத்தாழ 20 டாலர் விலையில் வெளிவந்தன. அதன் பிறகு இந்த விலையில் கிடைக்கும் கம்பி இயர்போன்களின் தரம் வெகுவாக உயர்ந்துவிட்டது. பெட்டியின் மேல் எத்தனை டிரைவர் (ஒலியை எழுப்பும் உறுப்பு) என்று அச்சிட்டிருக்கிறார்கள் என்று பார்த்து வாங்கும் வழக்கத்தை இனி விட்டுவிடலாம் என்பது என் கருத்து. இந்த விலையில் நான் கேட்டவற்றுள் குரலை இயல்பாகத் தந்தவை, பக்கத்துக்கு ஒரே ஒரு 10 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர் கொண்டவையே. பல டிரைவர்கள் உள்ளதாக விளம்பரம் செய்யப்பட்ட ஒன்றைக் கடையில் போட்டுக் கேட்டபோது, பாடகியின் 'ச'வும் 'ஷ'வும் வருகிற இடமெல்லாம் காதில் குத்தியது. அதன் பெயர் இங்கே வேண்டாம்.

குரல் தெளிவு எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொண்டால் தேர்வு எளிதாகிறது. ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பாடகியின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ், தார ஸ்தாயி ஷட்ஜம் 392 ஹெர்ட்ஸ். அவர் தார பஞ்சமத்தைத் தொட்டாலும் 588 ஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. பாடப்படும் ஸ்வரங்கள் அனைத்தும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே அடங்கிவிடுகின்றன என்றாலும், சாகித்யத்தின் சொற்கள் பிரிந்து விழுவதும் கமகத்தின் நுனி கேட்பதும் ஸ்வரத்தோடு சேர்ந்து எழும், 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள மேற்சுரங்களால்தான். நமது காதுக்குழாய் 3,000 ஹெர்ட்ஸுக்கு அருகில் ஒலியைத் தானாகவே பெருக்குகிறது. இயர்போன் அந்தக் குழாயை அடைத்துவிடுவதால், இழந்த பெருக்கத்தை அதைத் தயாரிப்பவர் ஒலியமைப்பில் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. ஈடு குறைந்தால் பாடகி பின்னுக்குப் போய்விடுகிறார், வயலின் மங்குகிறது. மிகுந்துவிட்டால் தார ஸ்தாயியில் குரல் கத்தலாகிவிடுகிறது.

மிருதங்கம் இதைவிடக் கடுமையான சோதனை. வலப்பக்கமான வலந்தலையில் ஒட்டப்படும் கரணை என்ற கருவட்டம் அதன் மேற்சுரங்களைச் சுருதியோடு இணங்கச் செய்கிறது என்பதை சர் சி. வி. ராமன் 1920 இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார். 'மீட்டு' என்ற அடி விழும்போது ஒரு ஸ்வரமே ஒலிப்பதாக நமக்குத் தோன்றுவது அதனால்தான். இடப்பக்கமான தொப்பியிலோ ரவைப் பசை அப்பிச் சுருதியைக் கீழே இறக்கியிருப்பார்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தோலை அழுத்தித் தேய்க்கும்போது எழும் கும்கி கீழிருந்து மேலேறி வளையும். இயர்போன் காதில் சரியாக அடையாவிட்டால் இந்தக் கும்கி அடியோடு போய்விடும்; வலந்தலையின் 'டக்' மட்டும் வறண்டு கேட்கும். புதிதாக எதை வாங்கினாலும் நான் முதலில் போடுவது ஒரு தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதி. கும்கி கேட்காதபோது இயர்போனை விரலால் மெல்ல உள்ளே அழுத்திப் பார்க்கிறேன். அழுத்தியதும் தொப்பி திரும்பி வந்துவிட்டால் குறை கருவியில் இல்லை, காதுக்குள் போகும் சிலிகான் டிப்பின் அளவில்தான். என் இடக்காதுக்குச் சிறியதும் வலக்காதுக்கு நடுத்தரமும் வேண்டியிருக்கிறது. இரு காதுகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இப்போது நான் பயன்படுத்துவது டாங்சூ வான்எர். பழைய பதிவுகளில் ஒலிநாடாவின் 'உஸ்' என்ற இரைச்சலை அது தூக்கிக் காட்டுவதில்லை. அதே சமயம் தம்பூராவின் ரீங்காரமும் அணைந்துவிடுவதில்லை. புத்தம்புது ஸ்டூடியோ பதிவுகளை மட்டும் கேட்பவருக்கு இதன் மேற்பகுதி சற்று அடக்கமாகத் தோன்றலாம்.

மறுமொழி – ஓசூர்

என் தேவை இதற்கு நேர் எதிரானது. எண்பதுகளின் திரையிசைதான் எனக்கு உயிர், அதிலும் பேஸ் கிட்டார். நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி, திறந்த நிலையில் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. போனின் ஒலிபெருக்கியில் அந்த அடிநாதத்தைக் கேட்கவே முடியாது என்பதால், நல்ல இன்-இயரில் கேட்ட அன்றுதான் பல பாடல்களில் பல்லவிக்கு அடியில் தனியாக ஒரு மெட்டு நடந்துகொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது.

ஆனால் 'பேஸ் அதிகம்' என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே உயர்த்தியிருப்பது ஒரு வகை. 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை உயர்த்தியிருப்பது வேறு வகை. முதல் வகையில் அதிர்வு கீழே தங்கிவிடுகிறது, குரல் சுத்தமாக நிற்கிறது. இரண்டாவது வகையில் ஆண் குரல் வீங்கி, தபலாவும் பேஸ் கிட்டாரும் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. செவன்ஹெர்ட்ஸ் ஜீரோ 2 முதல் வகையைச் சேர்ந்தது. பழைய ஜீரோவைவிட அதன் பேஸ் கூடுதல் என்பதால் நான் அதையே எடுத்தேன். இன்னும் பணம் செலவிடக் கூடியவர்கள் ட்ரூத்இயர் ஜீரோ ரெட்டைப் பார்க்கலாம். அதனுடன் வரும் 10 ஓம் மின்தடை அடாப்டரை இடையில் செருகினால் பேஸ் மேலும் உயர்கிறது.

ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் நடத்திய கேட்புச் சோதனைகளில், பெரும்பான்மையோர் ஒரே மாதிரியான ஒலியமைப்பை விரும்பினாலும், கூடுதல் பேஸ் வேண்டும் என்றவர்களும் குறைத்தால் நல்லது என்றவர்களும் தனித்தனிக் குழுக்களாக இருந்தார்கள். ஆகவே எந்த அதிர்வெண்ணை இயர்போன் எவ்வளவு தருகிறது என்று காட்டும் வரைபடம், அந்தச் சோதனைகளிலிருந்து வந்த ஹார்மன் கோட்டோடு ஒட்டிப்போகிறது என்பதை மட்டும் பார்த்து வாங்காமல், நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் கருவியின் வரைபடத்தோடு புதியதை ஒப்பிட்டுப் பாருங்கள்; கூடியது எங்கே, குறைந்தது எங்கே என்பது உங்கள் காதுக்கே பழக்கமான அளவுகோலில் விளங்கும். வரைபடத்தில் 8,000 ஹெர்ட்ஸ் அருகே தெரியும் கூர்முனையைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் அது அளக்கும் கருவியின் செயற்கைக் காதுக்குழாயில் எழும் ஒத்ததிர்வு.

பேருந்தில் கேட்பவர்களுக்கு ஒன்று. டிப் சரியாக அடைத்தால் எஞ்சின் இரைச்சல் பாதியாகிவிடுகிறது, ஒலியளவைக் கூட்ட வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அடைக்காத இயர்போனைப் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறவர் அந்த அளவுக்குள் நிற்பது கடினம்.

மறுமொழி – நாகர்கோவில்

ஒரு பக்கம் திடீரென ஒலி குறைந்துவிட்டது என்று தூக்கிப்போடுகிறவர்களைப் பார்க்கிறேன். பெரும்பாலும் முனையில் உள்ள வலையில் வியர்வையும் காதழுக்கும் அடைத்திருக்கும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் இது அடிக்கடி நேர்கிறது. முதலில் கேபிளை இடம் வலம் மாற்றிச் செருகிப் பாருங்கள். குறை கேபிளோடு நகர்ந்தால் கேபிளில்தான் கோளாறு. இயர்போன் கூட்டோடு தங்கினால் முனையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு மென்மையான உலர்ந்த தூரிகையால் வலையைத் துடையுங்கள். மேல்நோக்கிப் பிடித்தால் அழுக்கு உள்ளே விழும். இந்தக் காரணத்துக்காகவே கேபிளைக் கழற்றக்கூடிய சூ 2 போன்றவற்றை நான் சிபாரிசு செய்கிறேன். முதல் சூவில் கேபிள் நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருந்தது.

மறுமொழி – மதுரை

இங்கே எழுதியவர்கள் எல்லோரும் கேபிளைக் காதின் மேலே சுற்றிப் போடும் வகையைச் சொல்கிறீர்கள். என் அம்மா மூக்குக்கண்ணாடி அணிபவர். கண்ணாடியின் காம்பும் கேபிளும் ஒரே இடத்தில் உரச, அரை மணி நேர உபன்யாசம் முடிவதற்குள் கழற்றி வைத்துவிடுவார். நேராகக் கீழே தொங்கும் குண்டு வடிவத்தில், மிகவும் எடை குறைந்த ஃபைனல் இ500 வாங்கிக் கொடுத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. பேச்சும் தெளிவாக இருக்கிறது. அதில் பேஸ் தூக்கலாக இருக்காது என்பதை ஓசூர் நண்பர் கவனிக்க வேண்டும். அம்மாவுக்கு அது குறையாகத் தெரியவில்லை.

அம்மாவின் புதிய போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லை. யூஎஸ்பி-சி துளையில் செருகி இயர்போனை இணைக்கும் டாங்கிளில் எதை வாங்கலாம்?

மறுமொழி – ஓசூர்

ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிள் ஐபோன் 15 முதலான போன்களிலும் மடிக்கணினியிலும் விலைக்கு மீறிய சுத்தமான ஒலியைத் தருகிறது. ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அதன் ஒலியளவு தாழ்ந்தே வரும் என்பதால், அம்மாவின் போன் ஆண்ட்ராய்டு என்றால் அதைத் தவிர்த்துவிடுங்கள். வேறு எதை வாங்கினாலும் உள்ளே டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் சில்லு) இருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிஏசி இல்லாத வெறும் இணைப்பான்களும் அதே தோற்றத்தில், இன்னும் குறைந்த விலையில் விற்கின்றன; யூஎஸ்பி-சி துளை வழியாக அனலாக் ஒலியை அனுப்பாத போனில் அவை வேலையே செய்யாது.