இரை குறைந்த காட்டில் புலியும் ஓநாயும் சேர்ந்து வாழுமா?

வழிப்போக்கன்:
ரஷ்யாவின் சிகோட்டே-அலின் காட்டில் புலி, ஓநாய், பழுப்புக் கரடி மூன்றும் இருக்கின்றன. ஆனால் பனிக்காடு என்பதால் மான், பன்றி எல்லாம் அடர்த்தியாகக் கிடையாது. அப்படியென்றால் யார் யாரை விரட்டுவார்கள்?

கானகன்:
ஓநாய்தான் ஒதுங்கும். 1940களில் வேட்டையால் அங்கே புலிகள் முப்பது, நாற்பதுக்குள் சுருங்கியபோது ஓநாய் பெருகியது, 1947-இல் வேட்டைக்குத் தடை வந்து புலி மெல்ல மீண்டதும் ஓநாய் பல இடங்களில் அரிதாகிவிட்டது. புலி கொன்ற ஓநாயைப் பல நேரம் தின்னாமல் அப்படியே போட்டுவிட்டுப் போகுமாம். பசிக்காக இல்லை, பங்காளிச் சண்டை மாதிரி!

வழிப்போக்கன்:
சரி, கரடி?

மலையரசி:
அது வேறு கதை. பெரிய ஆண் கரடி புலி அடித்த இரையைத் தட்டிப் பறிக்கும், புலியும் சின்னக் கரடிகளைப் பிடித்துத் தின்னும். குளிர்காலத்தில் கரடி தூங்கப் போய்விடுவதால் போட்டி கொஞ்சம் தணியும். இன்னொன்று, இரை குறைவு என்பதால் அங்கே ஒரு பெண் புலிக்கே சுமார் 400 சதுர கிலோமீட்டர் தேவைப்படுகிறது, நேபாளத்தின் சித்வனில் 20 போதும்.

கானகன்:
ஆமாம், அப்புறம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து காட்டுப்பன்றிகள் செத்ததும் புலிகள் ஊருக்குள் வந்து நாய்களைத் தூக்கின. நாயும் ஓநாய்க்கு உறவுதானே, விடுமா!