முடியில் இடிஜி குறைவு, எத்தில் பால்மிடேட் அதிகம்: எப்படிப் படிப்பது?

தடயவியல்_மாணவி:
மது குடித்தாரா என்று தலைமுடியில் பார்க்கும் பரிசோதனை, அதன் அறிக்கை ஒன்றைப் பயிற்சிக்குக் கொடுத்தார்கள், அதில் சிக்கல். இடிஜி, எத்தில் பால்மிடேட் இரண்டும் குடித்தால் உடலில் உருவாகி முடியில் தங்கும் குறியீடுகள். பெண்ணின் தலைமுடி, வேரிலிருந்து 3 செ.மீ. ஒரு மில்லிகிராம் முடிக்கு இடிஜி (எத்தில் குளுக்குரோனைடு) 4 பிகோகிராம், எத்தில் பால்மிடேட் 0.6 நானோகிராம். முதல் எண் குடிக்கவில்லை என்கிறது, இரண்டாவது மிகையாகக் குடித்ததாகச் சொல்கிறது. முடிவை எப்படி எழுதுவது?

நச்சியல்_மேசை:
இடிஜி 4 என்பதற்கு ‘குடிக்கவில்லை’ என்று பொருளில்லை. முடிப் பரிசோதனைச் சங்கத்தின் 2019 வரம்புப்படி, 5 பிகோகிராம் வரை இருந்தால் ‘நான் குடிப்பதில்லை’ என்ற கூற்றுக்கு முரணில்லை, அவ்வளவுதான். 5-ஐத் தாண்டினால் திரும்பத் திரும்பக் குடித்ததற்கும், 30-ஐத் தொட்டால் நாள்பட்ட மிகைக்குடிக்கும் வலுவான அறிகுறி. மிகைக்குடி என்றால் பல மாதங்கள், சராசரியாக நாளுக்கு 60 கிராம் எத்தனாலோ (மதுவிலுள்ள ஆல்கஹால்) அதற்கு மேலோ. பால்மிடேட்டுக்கு 3 செ.மீ. துண்டில் மிகைக்குடி வரம்பு 0.35 நானோகிராம்.

இரண்டும் முடிக்குள் போகும் வழியே வேறு. நீரில் கரையும் இடிஜி பெரும்பாலும் வியர்வை வழியாகவும், கொழுப்பில் கரையும் பால்மிடேட் தலையின் எண்ணெய்ப்பசை வழியாகவும் சேர்கின்றன. எத்தனால் கலந்த ஹேர் ஸ்பிரேயோ லோஷனோ தொடர்ந்து போட்டால், ஒரு சொட்டு குடிக்காதவருக்கும் பால்மிடேட் ஏறிவிடும். ஆகவே முதல் சந்தேகம் ஸ்பிரே. இரண்டாவது சந்தேகம் ப்ளீச்: ஹைட்ரஜன் பெராக்சைடு இடிஜியைச் சிதைத்துவிடும், குடித்தவருக்கும் எண் இறங்கும். முடியை ரசாயனத்தால் சுருளாக்கும் பெர்மிங்கும் குறைக்கும். அறிக்கையில் ப்ளீச் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றால் ‘போடவில்லை’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கேட்காமல் விட்டிருக்கலாம்.

ஆய்வக_ராகவி:
எடுத்த விதத்தையும் பாருங்கள். உச்சந்தலையின் பின்பகுதியில் பென்சில் தடிமன் கற்றை, தோலை ஒட்டி வெட்டி, வேர்முனையைக் குறித்து, அலுமினியத் தாளில் சுற்றி உறையில் போட வேண்டும். அறை வெப்பநிலை, ஈரம் கூடாது. வேர்முனை மாறிப்போனால் 3 செ.மீ. என்பதே அர்த்தமற்றது, மாதம் சுமார் 1 செ.மீ. வளர்ச்சி என்ற கணக்கில்தானே மூன்று மாதம் என்கிறோம்.

அடுத்து அரைப்பு. கழுவி உலர்த்திய முடியைக் கத்தரியால் நறுக்கினால் இடிஜி முழுமையாக வெளிவராது. பந்து ஆலையில் (உலோகப் பந்துகளால் அரைக்கும் கருவி) தூளாக்கி, தண்ணீரில் அல்ட்ராசானிக் (மீயொலி) குளியல் கொடுத்தால் எண் கூடும். நறுக்கிய ஆய்வகத்தின் 4-ஐயும் தூளாக்கிய ஆய்வகத்தின் 4-ஐயும் ஒன்றாக வைக்கக்கூடாது. அறிக்கையில் இந்த வரி இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

நச்சியல்_மேசை:
அதோடு, சிறுநீரகச் செயலிழப்பு இருந்தால் முடியில் இடிஜி கூடும். இந்த வழக்கில் எண் குறைவு என்பதால் அது விளக்கமாகாது.

மாற்று மாதிரி வேண்டுமென்றால் கை, கால் முடி எடுக்கலாம், ஆனால் அதன் வளர்ச்சிச் சுழற்சி வேறு என்பதால் மாதக் கணக்குச் சொல்ல முடியாது. அக்குள், பிறப்புறுப்பு முடி வேண்டாம். பிந்தையதில் சிறுநீர் பட்டு இடிஜி ஏறும். இப்போதைய நிலையை அறிய ரத்தத்தில் பாஸ்படைடில் எத்தனால் பாருங்கள், அதுவும் குடித்தால் உருவாகும் குறியீடுதான், கடந்த சில வாரங்களைக் காட்டும்.

முடிவில் இப்படி எழுதுவேன்: ‘இரு குறியீடுகளும் ஒத்துப்போகவில்லை. முடிச் சாயம், ப்ளீச், ஸ்பிரே பயன்பாட்டை உறுதிசெய்யும்வரை, குடித்ததாகவோ குடிக்கவில்லை என்றோ இந்த மாதிரியை வைத்துச் சொல்ல இயலாது.’ குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்குகளில் இந்த ஒரு வரி விடுபட்டால் பாதிப்பு பெரியது, தயவுசெய்து சுருக்க வேண்டாம்.

தடயவியல்_மாணவி:
நன்றி. அரைப்பு முறையும் ப்ளீச் வினாத்தாளும் அறிக்கையில் இல்லை, இரண்டையும் கேட்டு எழுதுகிறேன்.