சொகுசுக் கப்பலில் போனவர்களே, கேப்டனைப் பார்த்தீர்களா? பார்க்க ஆசை இருந்ததா?

வடசேரிக்காரன் (தொடங்கியவர்):

கப்பலில் சுற்றுலா போய் வந்தவர்கள் வீட்டுக்குப் போனால் ஃபோனை எடுத்துப் படம் காட்டுவார்கள். அதில் கட்டாயம் ஒரு படம் இருக்கும்: வெள்ளைச் சட்டை, தோளில் நாலு பட்டை, பக்கத்தில் நம் ஆட்கள் பட்டுச் சேலையிலும் கோட்டிலும். எங்கள் அத்தான் குடும்பம் சிங்கப்பூரிலிருந்து போய் வந்தது. "வரிசையில அரை மணி நேரம் நின்னோம். அவரு சிரிச்சாரு, கேமராக்காரன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான், அவ்வளவுதான்" என்பது அத்தான் கட்சி. மைனியோ அந்தப் படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பற்றித்தான் கேட்கிறார்களாம்.

கிறிஸ்துமஸ் லீவுக்குக் கொச்சியிலிருந்து கப்பல் ஏறலாம் என்று நாங்களும் யோசிக்கிறோம். போனவர்கள், அங்கே வேலை பார்த்தவர்கள், கடல் தொழில் செய்கிறவர்கள் எல்லோரும் சொல்லுங்கள். கேப்டனைப் பார்ப்பதில் உங்களுக்கு அக்கறை இருந்ததா?

மார்த்தாண்டம் ரிட்டயர்டு வாத்தியார்:

மகன் அமெரிக்காவில். அவன் அழைத்துப் போய் அலாஸ்கா கப்பலில் ஏற்றினான். நான் கேப்டனைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் அவரைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன்.

இரண்டாம் நாள் இரவுக்கு "கேப்டன் வரவேற்பு" என்று அறைக்கு அட்டை வந்தது. நானும் இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். ஹாலில் கூட்டம், இசை, தட்டில் கண்ணாடிக் கோப்பைகள். ஆள் மட்டும் வரவில்லை. கப்பலின் ஹோட்டல் பகுதி மேலாளர் மேடையேறி, வெளியே மூடுபனி இறங்கிவிட்டது, கேப்டன் கப்பல் ஓட்டும் அறையை விட்டு வர மாட்டார், மன்னிக்கவும் என்றார். எனக்குப் பக்கத்தில் இருந்த தம்பதிக்கு ஒரே வருத்தம். "இதற்காகத்தானே உடுத்திக்கொண்டு வந்தோம்" என்று அந்த அம்மா முனகினார்.

அறைக்குத் திரும்பிப் படுத்தால் தூக்கம் இல்லை. கப்பலின் சங்கு நீளமாக ஒரு முறை ஊதும். அப்புறம் அமைதி. மறுபடியும் ஊதும். மூடுபனியில் ஓடுகிற கப்பல் இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் இப்படி ஒரு நீண்ட ஒலி கொடுக்க வேண்டும் என்பது சர்வதேச விதி என்று மகன் சொன்னான். ஒவ்வொரு முறை ஊதும்போதும், சரி, ஆள் முழித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். பார்ட்டியில் கை குலுக்கியிருந்தால்கூட இந்த நம்பிக்கை வந்திருக்காது.

அடுத்த நாள் மதியம் ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது. கப்பல் எங்கே இருக்கிறது, கடல் எத்தனை ஆழம், காற்று எந்தப் பக்கம் என்று தினமும் நடுப்பகலில் சொல்லும் பழக்கம் பல கப்பல்களில் உண்டு. முந்தின இரவு வராததற்கு ஒரு வரி மன்னிப்பு, மற்றதெல்லாம் வானிலை. பனிப்பாறைக்கு முன்னால் கப்பலை நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்ற வைத்தார். இரண்டு பக்கத்து அறைக்காரர்களும் பால்கனியில் இருந்தே பார்த்துவிட்டோம். முகம் தெரியாத அந்த மனிதர்மேல் எனக்கு இப்போதும் மரியாதை.

குளச்சல் வெயிட்டர்:

வாத்தியார் சார் சொன்ன அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருத்தன். உங்கள் கப்பலில் இல்லை, வேறு கம்பெனி. உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வரவேற்பு பார்ட்டிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கண் தட்டின் மேல்தான் இருக்கும். அன்றைக்கு ஒயின் இலவசம். கேப்டன் பேசத் தொடங்கும்போது கைதட்டல் கேட்கும், அதே நேரம் முதுகுப் பக்கம் இருந்து "இன்னொன்று" என்று என் தோளைத் தட்டுவார்கள். அவர் எந்த நாட்டுக்காரர், எத்தனை வருடம் கடலில் இருக்கிறார் என்று சொல்வார், அதிகாரிகளை மேடைக்கு அழைப்பார், ஒரு ஜோக் அடிப்பார். அந்த ஜோக் எங்களுக்கு மனப்பாடம். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரிந்து தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம்.

படம் எடுப்பது கம்பெனிக்கு வியாபாரம். எடுக்கக் காசு இல்லை, பிரிண்ட் வாங்கத்தான் காசு. கை கொடுக்கும் பழக்கம் குறைந்துவிட்டது. ஒருத்தருக்கு நோரோவைரஸ் வந்தால் கப்பல் முழுக்க வாந்தியும் பேதியும்தான். அதனால் முழங்கையை இடிப்பது அல்லது தலையை ஆட்டுவது. நம்ம ஊர் ஆட்கள் கும்பிட்டால் கேப்டன்மார்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

"கேப்டன் மேஜை" என்று கேட்டிருப்பீர்கள். அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவது. அந்த அழைப்பு பெரும்பாலும் விலை கூடிய பெரிய அறை எடுத்தவர்களுக்கும், அதே கம்பெனியில் பல தடவை போனவர்களுக்கும்தான் போகும். அவர்களுக்கு அது கௌரவப் பிரச்சினை. ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, போன தடவை கூப்பிட்டார்கள், இந்தத் தடவை ஏன் இல்லை என்று கவுன்டரில் வந்து சண்டையே போட்டார்.

பயணிகளைவிட எங்களுக்குத்தான் கேப்டன் விஷயத்தில் அக்கறை அதிகம். அமெரிக்கத் துறைமுகம் என்றால் சுகாதார அதிகாரிகள் சொல்லாமல் ஏறுவார்கள். நூற்றுக்கு 86 வாங்கினால்தான் தேர்ச்சி, 85 என்றால் தோல்வி. அதற்கு முன்னால் கேப்டனே அடுக்களைக்கு வந்து ஃபிரிட்ஜ் கதவு ரப்பரை விரலால் இழுத்துப் பார்ப்பார். அந்த விரலைப் பார்த்தவனுக்கு பார்ட்டியில் சிரிக்கும் முகம் வேறு யாரோ மாதிரி இருக்கும்.

திங்கள்சந்தை அம்மா:

எனக்கு கேப்டனைப் பார்க்கும் ஆசை இல்லை. எட்டாவது படிக்கும் என் பையனுக்கு இருந்தது. அதுவும் ஆளைப் பார்க்க இல்லை, கப்பல் ஓட்டும் அறையைப் பார்க்க. முன்னெல்லாம் கேட்டால் கூட்டிப்போய்க் காட்டுவார்களாம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அந்தக் கதவு பயணிகளுக்கு மூடிவிட்டது. சில கப்பல்களில் மேல்தளத்தில் கண்ணாடி வைத்து வெளியே இருந்து பார்க்க விடுகிறார்கள். இல்லாவிட்டால் காசு கட்டிப் போகும் டூர் உண்டு. அடுக்களை, துணி வெளுக்கும் இடம், கடைசியில் அந்த அறை. என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார், நான் கட்டினேன்.

உள்ளே போனதும் பையன் முகம் வாடிவிட்டது. பெரிய மரச் சக்கரம் இருக்கும் என்று நினைத்திருக்கிறான். அங்கே இருந்த ஸ்டியரிங் எங்கள் கார் ஸ்டியரிங்கைவிடச் சின்னது. துறைமுகத்தில் கட்டும்போது அதைக்கூடத் தொட மாட்டார்களாம். அறையின் இரண்டு ஓரமும் கப்பலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே நின்று கீழே கரையைப் பார்த்தபடி சின்னக் கைப்பிடிகளை அசைத்தே கப்பலை ஒதுக்குவார்கள் என்று ஒரு அதிகாரி காட்டினார். கேப்டன் ஓரமாக நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். பையன் அவரிடம், "துறைமுகத்தில் பைலட் என்று ஒருவர் ஏறுகிறாரே, அப்போது நீங்கள் கேப்டன் இல்லையா?" என்று கேட்டுவிட்டான். அவர் கப்பைக் கீழே வைத்துவிட்டு, "அவருக்கு இந்தத் தண்ணீர் தெரியும், அவர் வழி சொல்வார். கப்பல் இடித்தால் பதில் சொல்வது நான்" என்றார். எங்களுக்கு நல்லாவே நேரம் கொடுத்தார். கட்டிய காசு எனக்கு அங்கேயே செரித்துவிட்டது.

இன்னொன்று. என் மகள் கேட்டது: பெண் கேப்டன் உண்டா? தேடிப் பார்த்துச் சொன்னேன். பெரிய சொகுசுக் கப்பலுக்கு முதல் பெண் கேப்டன் ஸ்வீடனைச் சேர்ந்த காரின் ஸ்டாரே யான்சன், 2007இல். அமெரிக்கப் பெண்களில் கேட் மக்கூ, 2015இல். மக்கூ பூனையோடு வீடியோ போட்டே இணையத்தில் பிரபலமானவர். அவர் ஓட்டும் கப்பலாகப் பார்த்து டிக்கெட் போடுகிறவர்களும் இருந்தார்கள். ஆக, ஆளைப் பொறுத்தும் இருக்கிறது.

தக்கலை சரித்திரக் கிறுக்கன்:

ஆளைப் பார்த்துக் கப்பல் ஏறுவது புதுசு இல்லை. டைட்டானிக் கேப்டன் எட்வர்ட் ஸ்மித் ஓட்டும் கப்பல் என்றால்தான் ஏறுவேன் என்று அந்தக் காலத்துப் பணக்காரர்கள் காத்திருந்திருக்கிறார்கள். 1912இல் என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், கேப்டனைப் பார்க்க கொச்சி வரை எதற்கு? நம்ம புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்கு வாங்க. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, அப்புறம் திருவிதாங்கூர் படைக்கே தலைமை ஏற்ற டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய், ஊர் வாயில் "வலிய கப்பித்தான்", அங்கேதான் படுத்திருக்கிறார். வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

தூத்தூர் கடலோடி:

நான் சொகுசுக் கப்பலில் ஏறியதில்லை. ராத்திரி ஆழ்கடலில் அது எங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஊரே மிதந்து வருகிற மாதிரி வெளிச்சம்.

நாங்கள் பார்ப்பது அந்த வெளிச்சத்தை இல்லை. கப்பலின் வலப்பக்கம் பச்சை விளக்கு, இடப்பக்கம் சிவப்பு. ஒன்று மட்டும் தெரிந்தால் அது நம்மை ஒதுங்கிப் போகலாம். பச்சையும் சிவப்பும் சேர்ந்து தெரிந்தால் நேராக நம் மேல் வருகிறது. சொகுசுக் கப்பலில் இருக்கிற மற்ற வெளிச்சத்துக்கு நடுவில் இந்த இரண்டையும் கண்டுபிடிப்பதற்குள் கண் வெளியே வந்துவிடும். வயர்லெஸ்ஸில், எல்லாக் கப்பலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய 16ஆம் சானலில் கூப்பிடுவோம். டார்ச்சை அவர்கள் கப்பல் ஓட்டும் அறைப் பக்கம் அடிப்போம். பதில் வந்தால் அன்றைக்கு அந்தக் கேப்டன் எங்களுக்குக் கடவுள். வராமலும் போயிருக்கிறது. அப்போது கயிற்றை வெட்டிவிட்டு ஓட வேண்டியதுதான். 2018 ஆகஸ்டில் முனம்பத்திலிருந்து போன படகைக் கப்பல் இடித்தது ஞாபகம் இருக்கிறதா? அதில் போனவர்களில் பெரும்பாலும் நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள்.

நல்லவர்களும் இருக்கிறார்கள். 2015 ஜூனில் வங்காள விரிகுடாவில் எஞ்சின் போய் மிதந்த படகிலிருந்து ஏழு பேரை, கொந்தளிக்கிற கடலில் தன் எண்ணெய்க் கப்பலைப் பக்கத்தில் கொண்டுவந்து ஏற்றினார் ராதிகா மேனன். கேரளத்துப் பெண். அடுத்த வருடம் சர்வதேசக் கடல்சார் அமைப்பு வீர விருது கொடுத்தது. யாராவது எனக்குக் கேப்டனோடு படம் எடுக்க வாய்ப்பு கொடுத்தால் அவரோடு எடுப்பேன்.

வடசேரி அண்ணே, கப்பலில் போனால் கேப்டனிடம் ஒரு வார்த்தை எங்களுக்காகச் சொல்லுங்க: மேற்குக் கடற்கரையில் வரும்போது 16ஐக் கேட்டுக்கொண்டே வரட்டும்.

கோட்டாறு எஞ்சின் ரூம்:

சரக்குக் கப்பலில் எஞ்சின் பக்கம் ஓய்வு வரை வேலை பார்த்தவன். எங்களுக்கும் மேலே கப்பல் ஓட்டுகிறவர்களுக்கும் எப்போதும் ஒரு முறைப்பு உண்டு, அதனால் கேப்டன்மாரைப் புகழ எனக்கு மனசு வராது. இருந்தாலும் ஒன்று சொல்லணும்.

2012 ஜனவரி 13, இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல். தீவுக்குப் பக்கத்தில் போய் சலாம் போடப் பார்த்து பாறையில் இடித்தார்கள். 32 பேர் செத்தார்கள். கேப்டன் ஸ்கெட்டினோ, பயணிகள் எல்லோரும் இறங்குவதற்கு முன்னாலேயே கப்பலை விட்டுப் போனார். 16 வருடம் சிறை. அந்தக் கப்பலிலும் அவரோடு படம் எடுத்துக்கொண்டவர்கள் இருந்திருப்பார்கள்.

இன்னொரு பக்கம், 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே சாய்ந்த எல்சா 3 என்ற சரக்குக் கப்பல். அதில் இருந்த பிளாஸ்டிக் மணிகள் நம்ம கடற்கரை வரைக்கும் வந்து ஒதுங்கினதே, அதே கப்பல்தான். 24 பேரில் 21 பேரை முதல் நாளே ஏற்றிவிட்டார்கள். கேப்டன், சீஃப் எஞ்சினியர், செகண்ட் எஞ்சினியர் மூன்று பேரும் சாய்ந்த கப்பலிலேயே ராத்திரி இருந்தார்கள். காலையில் நேவி வந்து ஏற்றியது, கப்பல் போய்விட்டது. அந்தக் கடலோரம் பட்ட நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்பது தனிக் கதை. ஆனால் மூன்றில் இரண்டு எஞ்சின் ரூம் என்பதைக் கவனியுங்கள், அதை யாரும் சொல்வதில்லை.

கான்கார்டியாவுக்குப் பிறகு விதி மாறியது. முன்பு ஏறி 24 மணி நேரத்துக்குள் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தால் போதும். 2015இலிருந்து கப்பல் கிளம்பும் முன்னாலோ கிளம்பின உடனேயோ கொடுத்தாக வேண்டும். நம்ம ஆட்கள் அந்த நேரத்தில்தான் பஃபேயில் பிளேட்டோடு நிற்பார்கள்.

குளச்சல் வெயிட்டர்:

கோட்டாறு அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. லைஃப் ஜாக்கெட் எங்கே என்று தெரியாதவர்கள், கேப்டன் பார்ட்டி எத்தனை மணிக்கு என்று மட்டும் சரியாகச் சொல்வார்கள்.

வடசேரிக்காரருக்கு: ஏறின அன்றைக்கே வரவேற்புக் கவுன்டரில் கேளுங்கள், கப்பல் ஓட்டும் அறையைப் பார்க்கும் டூர் உண்டா என்று. எல்லாக் கப்பலிலும் கிடையாது, இருந்தாலும் இடம் கொஞ்சம்தான், முதல் நாளே முடிந்துவிடும். முன்பக்கம் மூடின ஷூ எடுத்துப்போங்கள், சப்பல் போட்டால் அடுக்களைப் பக்கம் விட மாட்டார்கள். பார்ட்டி நேரம் ராத்திரி அறைக்கு வரும் தாளில் இருக்கும், சில கப்பலில் ஆப்பில் போடுவார்கள். படத்துக்கு நிற்கிறதென்றால் கடைசியில் போங்கள். வரிசை குறைந்திருக்கும், அவருக்கும் இரண்டு வார்த்தை பேச நேரம் இருக்கும். 16ஆம் சானல் விஷயத்தை அப்போது சொல்லிவிடலாம்.