டெக்கால்: 'நழுவுபடம்' எனலாமா?

வணக்கம்.

சிறு மாதிரிகளில் எழுத்தும் படமும் பதிக்க, தண்ணீரில் ஊறவைத்துத் தாளிலிருந்து நழுவவிடும் அச்சுப்படலம்தான் டெக்கால். அதற்குத் தமிழில் 'ஒட்டுவில்லை' போதும் என்று கோலாலம்பூர் அண்ணன் எழுதியிருந்தார். ஈப்போ ஆசிரியை அக்கா 'மாற்றுப்படம்' என்றார். ஒரு வாரமாக இரண்டையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வேலைக்கு நடுவே இரண்டும் இடறுகின்றன.

பினாங்கு லெபோ பாசாரில் உள்ளது போன்ற பழைய கடைவரிசை ஒன்றின் சிறு மாதிரியை 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்காக, செய்துகொண்டிருக்கிறேன். அஞ்சடி (கடை முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதை), பலகைக் கதவு, மாடிச் சன்னல் எல்லாம் முடிந்தது. பெயர்ப்பலகைதான் பாக்கி. தமிழ் எழுத்தில் டெக்கால் எங்கே வாங்குவது? வீட்டு இங்க்ஜெட்டில் நானே அச்சிட்டேன். நிஜத்தில் 30 செ.மீ. உயரமுள்ள எழுத்து இதில் 3.4 மி.மீ.தான். 'ணை'யின் சுழிகளில் மை கசிந்து அடைத்துக்கொள்கிறது. கோடு மெலிந்த எழுத்துருவாக இருந்தால்தான் சுழி திறந்து நிற்கும். இங்க்ஜெட்டில் வெள்ளை மை இல்லாததால், பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து வேண்டுமென்றால் வெள்ளை டெக்கால் தாளில் பச்சையையும் சேர்த்தே அச்சிட வேண்டும்.

முதல் தடவை மேலே அக்ரிலிக் ஸ்பிரே அடிக்காமல் தண்ணீரில் போட்டுவிட்டேன். 'மளிகை' என்ற சொல் கண்ணெதிரே நூல் நூலாகக் கரைந்து போனது. அச்சு நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டும். மழை நாளில் மட்டும் வேண்டாம்; நம் ஊர் ஈரக்காற்றில் பூச்சு பால் போல வெளுத்துவிடும்.

அப்புறம் வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம். தாளுக்கும் அச்சைத் தாங்கும் படலத்துக்கும் இடையிலுள்ள பசை இளகும். பெருவிரலால் லேசாகத் தள்ளினால், அதுவரை தாளோடு தாளாக இருந்தது சட்டென்று நழுவிப் பலகையில் இறங்கும். ஈரம் இருக்கும்வரை தூரிகை நுனியால் நகர்த்தி நேராக்கலாம். ஸ்டிக்கர் அப்படியா? உரிக்கிறோம், வைக்கிறோம், வைத்த இடம் வைத்ததுதான். 'ஒட்டுவில்லை' என்று எழுதினால் புதிதாகச் செய்கிறவர் உரிக்கத்தான் பார்ப்பார்.

அக்காவின் சொல்லில் நியாயம் இருக்கிறது. டெக்காலுக்கு மூலமான பிரெஞ்சுச் சொல்லிலும் படியெடுத்து இடம் மாற்றுவது என்ற பொருள்தான். ஆனால் 'மாற்றுத்துணி' என்று சொல்லிப் பழகிய காதில் 'மாற்றுப்படம்' வேறொரு படம் என்றே விழுகிறது. தவிர, உலர்ந்தபடியே உரசி இறக்கும் படத்துக்கும் அது பொருந்திவிடும்.

என் முன்மொழிவு 'நழுவுபடம்'. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. உரசி இறக்குவதை 'உரசுபடம்' என்று பிரித்துக்கொள்ளலாம். பீங்கான் கோப்பையில் பூ பதித்துச் சுடுகிறார்களே, அந்தப் பூவும் பெரும்பாலும் தண்ணீரில் நழுவி இறங்குவதுதான். அதற்கும் இதே சொல். வெறும் எழுத்தைப் படம் என்பதா என்று அண்ணன் கேட்பார். படம் என்பதற்குச் சீலை என்ற பொருளும் உண்டு, அண்ணே. எழுத்தைத் தாங்கி நழுவுவது ஒரு மெல்லிய சீலைதானே? மலாய் 'காக்கி லீமா'வை (ஐந்து அடி) அஞ்சடி ஆக்கியவர்கள் கண்ணுக்குத் தெரிந்த அகலத்தைத்தான் பெயராக வைத்தார்கள். நான் விரலுக்குத் தெரிவதை வைக்கிறேன்.

அந்தச் சீலையைத் தனியாகச் சொல்ல 'தாங்குபடலம்'. அதன் அடியில் காற்று சிக்கி வெள்ளை வெள்ளையாக மினுங்குவதற்கு 'வெள்ளி பூத்தல்'. சுவரில் உப்புப் பூக்கிறது என்கிறோமே, அந்தப் பூத்தல். சொரசொரப்பான பரப்பில்தான் இது வரும். முதலில் பளபளப்புப் பூச்சு அடித்துவிட்டால் பெரும்பாலும் பூக்காது.

படலத்தை மென்மையாக்கி மேடுபள்ளத்தில் படியவைக்கும் திரவத்துக்குத்தான் சொல் அமையவில்லை. 'இளக்கி' என்று எழுதிப் பார்த்தேன். பெயிண்டில் கலக்கும் தின்னரோடு குழம்புகிறது. அக்கா, உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?