புதுப்பிப்பு: நிலாவெளி விடுதித் தளம் இப்போது படுப்பதில்லை
நிலாவெளி விடுதி ஒன்றின் முன்பதிவுத் தளம், சீசனில் ரேம் நிரம்பிப் படுத்துவிடுகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது.

காரணம் மாட்_பிஎச்பி (mod_php), அதாவது தளம் எழுதப்பட்ட பிஎச்பி மொழியை அப்பாச்சி என்ற வெப் சர்வருக்குள்ளேயே ஓடவைக்கும் மாட்யூல். அது பிஎச்பி நிரலை இயக்கும் இன்டர்பிரெட்டரை அப்பாச்சியின் ஒவ்வொரு பிராசஸுக்குள்ளும் ஏற்றிவிடும். புறாத்தீவுப் படம் ஒன்றை அனுப்புகிற பிராசஸ்கூட அந்தச் சுமையோடுதான் நிற்கும். விடுதித் தளத்தில் படங்கள்தானே அதிகம்!

இப்போது பிஎச்பியைத் தனியே ஓடவைக்கும் பிஎச்பி-எஃப்பிஎம்முக்கு (PHP-FPM) மாறி, அப்பாச்சியைக் குறைந்த பிராசஸ்களால் பல இணைப்புகளைக் கையாளும் ஈவென்ட் முறையில் ஓடவிட்டிருக்கிறேன். படங்களை அப்பாச்சியே கொடுக்கிறது. பிஎச்பி வேலை மட்டும் சாக்கெட் (பிராசஸ்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு) வழியே தனிப் பிராசஸுக்குப் போகிறது. 2010இல் வந்த 5.3.3 பதிப்பிலிருந்தே எஃப்பிஎம் பிஎச்பியோடு சேர்ந்தது, நம்பி மாறலாம்.

மாறுகிறவர்கள் கவனியுங்கள்: அப்பாச்சி அமைப்புகளை எழுதும் .எச்டிஅக்சஸ் (.htaccess) கோப்பில், பிஎச்பி அமைப்புகளை மாற்றும் பிஎச்பி_வேல்யூ (php_value) வரிகள் இருந்தால் 500 பிழை (சர்வர் பிழை) வரும். அவற்றை .யூசர்.ஐஎன்ஐ (.user.ini) கோப்புக்கு மாற்றி எழுதுங்கள்.