டிராக்டர் டிரெய்லருக்கு தனி ஆர்சி, தனி இன்சூரன்ஸ் வேணுமா? பொன்னையில இருந்து அம்முண்டிக்கு கரும்பு லோடு

பொன்னை_கழனி:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு பொன்னை பக்கம் கழனி, கரும்பு, நெல்லு, மல்லாட்டை எல்லாம் போடறோம். டிராக்டர் சொந்தமா கீது, டிஎன் 23 நம்பர், நைனா பேர்ல கீது, இன்சூரன்ஸ் விடாம கட்டிகினு வரோம். டிரெய்லர் மட்டும் இத்தினி நாளா வாடகைக்குதான் எடுத்துகினு இருந்தோம். இப்ப சித்தூர் பக்கம் ஒருத்தர்கிட்ட பழசு ஒன்னு விலைக்கு வருது, ரெண்டு சக்கரம், சாதா தொட்டி, தளம் நல்லா கெட்டியா கீது. சைடுல ஏபி நம்பர் பெயின்ட்ல எழுதினது பாதி அழிஞ்சி போயிருக்கு. ஆர்சி எங்கன்னு கேட்டா "டிரெய்லருக்கு இன்னாத்துக்கு ஆர்சி, டிராக்டர் ஆர்சி போதும்"னு சொல்றாரு. நெசமாவா? அம்முண்டி மில்லுக்கு கரும்பு ஏத்திகினு போனா திருவலம் ரோட்டுல புடிச்சா இன்னா கேப்பாங்க? தம்பிதான் ஓட்டுவான், அவன்கிட்ட கார் லைசென்ஸ் கீது. அப்பறம் வெட்டு ஆளுங்களை வீட்டாண்ட இருந்து கழனிக்கு டிரெய்லர்லயே ஏத்திகினு போலாமா, பக்கத்து ஊர் சூளைக்கு செங்கல் வாடகை ஓட்டலாமா, இதெல்லாம் தெரிஞ்சவங்க சொன்னா நல்லா இருக்கும். பணம் குடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கலாம்னுதான்.

ராணிப்பேட்டை_வக்கீல்:
முன்னாடியே கேட்டீங்களே, நல்ல காரியம். அட்வான்ஸ் கூட குடுத்துடாதீங்க. 1988 மோட்டார் வாகன சட்டத்துல டிரெய்லர்ங்கறது தனி வண்டி, எஞ்சின் இல்லைன்னாலும் அதுக்கு தனி பதிவு, தனி நம்பர் உண்டு. அந்த நம்பர் டிரெய்லரோட சைடுல இருக்கணும், அது போக, இழுக்கற டிராக்டரோட நம்பரும் டிரெய்லர் பின்னால எழுதியிருக்கணும், 61வது பிரிவு இதைத்தான் சொல்லுது. ரோட்டுல பாதி டிரெய்லர்ல இந்த ரெண்டாவது நம்பரே இருக்காது, இடிச்சிட்டு போனா பின்னால இருந்து பாக்கறவனுக்கு வண்டி யாருதுன்னே தெரியாது. பதிவு இல்லாம ஓட்டினா மொத தடவை 5,000 வரைக்கும் ஃபைன், மறுபடி மாட்டினா 10,000 வரைக்கும் போகும், வண்டியை புடிச்சி வைக்கவும் அதிகாரம் இருக்கு.

இன்சூரன்ஸ்தான் பெரிய விஷயம், அதை யாரும் கவனிக்கறதில்ல. டிராக்டர் பாலிசி இருக்குன்னா அது டிராக்டருக்கு. டிரெய்லரோட நம்பரையும் அந்த பாலிசியில சேர்த்து அதுக்குன்னு பிரீமியம் கட்டியிருந்தாதான் அதுவும் உள்ள வரும். பாலிசி பேப்பரை எடுத்து "டிரெய்லர்"னு ஒரு வரி இருக்கா, அதுல தொகை போட்டிருக்கா, இல்ல பூஜ்யமான்னு பாருங்க. பூஜ்யம்னா கட்டல.

தம்பி லைசென்ஸ் பத்தி பயப்பட வேணாம். டிராக்டரோட வெறும் எடை 7,500 கிலோவுக்குள்ளன்னா அது இலகு ரக வாகனம், கார் லைசென்ஸும் அதே வகை. டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் இருக்கறவன் பின்னால டிரெய்லர் மாட்டினதாலயே அந்த லைசென்ஸ் செல்லாம போயிடாதுன்னு 2001லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. வாடகைக்கு ஓட்டற சரக்கு வண்டிக்கும் 7,500 கிலோவுக்குள்ளன்னா இலகு ரக லைசென்ஸ் போதும்னு 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதிங்க சேர்ந்து தீர்ப்பு குடுத்தாங்க.

செங்கல் வாடகை மட்டும் விவசாய வண்டின்னு பதிஞ்சதை வச்சிகிட்டு வேணாம். சொந்த விளைச்சல், எரு, விதை, கழனி சாமான் ஏத்தறது விவசாய உபயோகம். வாடகைக்கு செங்கல், ஜல்லின்னு இறங்கினா அது சரக்கு வண்டி, பதிவும் வரியும் எஃப்சியும் பர்மிட்டும் வேற. பர்மிட் இல்லாம ஓட்டினா 10,000 ஃபைன். அதை விட மோசம், அந்த நேரத்துல விபத்துன்னா கம்பெனிக்காரன் கையை விரிச்சிடுவான்.

லத்தேரி_ஸ்டியரிங்:
வக்கீல் சார் சொன்னது எல்லாம் சரி ஆனா எங்க பக்கம் எத்தினி டிரெய்லர் நம்பரே இல்லாம ஓடுது, பிரேக் இன்ஸ்பெக்டர் நிறுத்தினா கூட விவசாயி வண்டி சார்னு சொன்னா பாத்துட்டு அனுப்பிடுவாரு, கரும்பு சீசன்ல யாரும் பெருசா கேக்க மாட்டாங்க. இதுக்குன்னு அலைஞ்சி காசு செலவு பண்ணணுமா?

ராணிப்பேட்டை_வக்கீல்:
தம்பி, இன்ஸ்பெக்டர் விட்டுடுவாரு, நான் இல்லைன்னு சொல்லல. விபத்து கோர்ட்டு விடாது, அதுதான் நான் சொல்றது. 2007ல சுப்ரீம் கோர்ட்டுக்கு போன ஒரு கேஸ் சொல்றேன். விவசாயத்துக்குன்னு இன்சூர் பண்ண டிராக்டர், பின்னால டிரெய்லர்ல செங்கல் சூளைக்கு மண்ணு ஏத்திகிட்டு போகுது, அதுல உக்காந்து போன கூலி ஆள் கீழ விழுந்து அடி பட்டுடுச்சி. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பொறுப்பு இல்லைன்னுதான் முடிவாச்சு. அந்த ஏழைக்கு காசு போய் சேரணுமேன்னு கோர்ட்டு தன்னோட தனி அதிகாரத்துல, மொதல்ல கம்பெனி குடுக்கட்டும், அப்பறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு சொல்லிச்சி. ஓனர்னா யாரு, நம்ம மாதிரி கொஞ்சம் கழனி வச்சிருக்கற ஆளுதான். அந்த தொகையை கட்டணும்னா நிலத்தைத்தான் விக்கணும்.

அதனால ஆளுங்களை ஏத்தறது பத்தி கேட்டதுக்கு என் பதில் ஒன்னுதான், ஏத்தவே ஏத்தாதீங்க. டிராக்டர்ல ஒரு சீட்டு, அது டிரைவருக்கு. மட்கார்டு மேல உக்கார்றதும் கூடாது, லோடு மேல உக்கார்றதும் கூடாது. நாத்து நட வர்ற பொம்பளைங்க ஒருத்தர் தோளை ஒருத்தர் புடிச்சிகிட்டு நின்னுகிட்டே போறதை நம்ம ஊர் ரோட்டுல தினம் பாக்கறோம், ஒரு பள்ளம் வந்தா அவங்களுக்கு புடிக்க ஒரு கம்பி கூட கிடையாது. ஷேர் ஆட்டோ வாடகை குடுங்க, அதை கூலிச் செலவுல சேர்த்துக்குங்க.

கேவிகுப்பம்_லோடு:
நான் சீசன்ல மில்லுக்கு ஓட்டற ஆளு, ரோட்டுல பாக்கறதை சொல்றேன். கரும்பு கட்டும்போது தோகை பின்னால தொங்கி டெயில் லைட்டு, சிவப்பு ரிஃப்ளெக்டர், நம்பர் மூனையும் மூடிடும். ராத்திரி மில் வாசல்ல வரிசை நிக்கும் போது பின்னால பைக்ல வர்றவனுக்கு இருட்டுல கரும்பு சுவரு ஒன்னு நிக்கறதே தெரியாது. லோடு கட்டி முடிச்சதும் பின்னால போய் நின்னு பாத்து தோகையை வெட்டி விடுங்க. டிராக்டர்ல இருந்து டிரெய்லருக்கு போற லைட்டு ஒயரு முக்காவாசி பேரு அறுத்து சுத்தி வச்சிருப்பாங்க, வாங்கறதுக்கு முன்னாடி பிளக்கை மாட்டி இன்டிகேட்டர் ரெண்டு பக்கமும் எரியுதான்னு பாருங்க.

கொக்கி பின்னுக்கு கீழ லாக்கு பின்னு இருக்கணும், கம்பியை வளைச்சி விட்டிருந்தா அது பத்தாது, துள்ளல்ல வெளிய வந்துடும். கூட ஒரு சங்கிலியும் போட்டு வைங்க. கழனியில திருப்பறதுக்காக ரெண்டு பிரேக் பெடலையும் தனித்தனியா விட்டிருப்பீங்க, ரோட்டுக்கு ஏறும் போது லாக்கை போட்டு ரெண்டையும் ஒன்னாக்கிடணும். லோடோட வேகத்துல ஒரு பக்கம் மட்டும் பிரேக் புடிச்சா டிரெய்லர் தள்ளி டிராக்டரை மடக்கிடும்.

ஓவர்லோடு பத்தி யாரும் சொல்லல. ஆர்சியில போட்டிருக்கற மொத்த எடைக்கு மேல போனா 20,000 ரூபா, அதுக்கு மேல டன்னுக்கு 2,000. மூனு டன்னு ஜாஸ்தின்னா 26,000, லோடை அங்கியே இறக்கற செலவும் நம்மது. சைடுல, பின்னால, உயரத்துல அளவுக்கு மேல நீட்டிகினு இருந்தாலும் அதே 20,000. டயரு பஞ்சரானா ரோட்டு நடுவுல டிரெய்லரை கழட்டி வச்சிட்டு போறாங்க பாருங்க, அதுவும் குத்தம்தான், ஓரம் கட்டி முன்னாடி பின்னாடி ஏதாவது அடையாளம் வைக்காம நகரக் கூடாது.

ஒடுகத்தூர்_மலையடி:
மரம் ஏத்தறவங்களுக்கும் சேர்த்து சொல்லிடறேன். எங்க பக்கம் ஜவ்வாது மலை அடிவாரத்துல பட்டா நிலத்து மரம் வெட்டி டிராக்டர்ல கொண்டு போவாங்க. ஆர்டிஓ பேப்பர் எல்லாம் சரியா இருந்தாலும் வனத்துறை தனி. சந்தனம், செம்மரம் எல்லாம் சொந்த பட்டாவுல வளர்ந்தாலும் அனுமதி இல்லாம வெட்டவும் முடியாது ஏத்தவும் முடியாது, வண்டியோட போயிடும். சவுக்கு, தைலமரம் ஏத்தினா கூட சிட்டா அடங்கல் நகலும் விஏஓ கையெழுத்தும் வண்டியில வச்சிருங்க, செக்போஸ்ட்ல பேச்சு குறையும். கட்டை உருளும், அதனால ரெண்டு பக்கமும் முளை அடிச்சி சங்கிலி போட்டு இறுக்கணும், கயிறு மட்டும் போட்டா இறக்கத்துல தளர்ந்துடும்.

ஏரி வண்டல் அள்ளறதுக்கும் இப்படித்தான். 2024ல இருந்து தாசில்தாரே அனுமதி குடுக்கலாம்னு அரசாங்கம் மாத்தியிருக்கு, விவசாயிக்கு இலவசம்தான், ஆனா அந்த உத்தரவு நகல் டிரைவர் கையில இருக்கணும். அது இல்லாம மண்ணோட புடிச்சா கனிமச் சட்டத்துல டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து பறிமுதல் ஆகும், மீட்கறதுக்குள்ள ஒரு போகம் போயிடும். பாலாத்து மணல் பக்கம் தலை வச்சே படுக்காதீங்க.

பொன்னை_கழனி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நைனாகிட்ட படிச்சி காட்டினேன், ஆளுங்களை ஏத்த வேணாம்னு அவரே சொல்லிட்டாரு, செங்கலும் வேணாம்னு முடிவு. இப்ப அந்த சித்தூர் டிரெய்லரை விட்டுடறதா, இல்ல பேப்பர் தேத்த முடியுமா? இன்னொரு பக்கம் இங்க பட்டறையில புதுசா அடிச்சி தரேன்னும் சொல்றாங்க.

ராணிப்பேட்டை_வக்கீல்:
அழிஞ்ச நம்பரை எப்படியாவது படிச்சி பரிவாகன் ஆப்ல போட்டு பாருங்க. டிரெய்லர்னே வந்து, விக்கறவர் பேரும் ஒத்துப்போனா தேத்தலாம். சேசிஸ் நம்பர் டிரெய்லரோட இரும்பு சட்டத்துல குத்தியிருக்கும், துருவை தேய்ச்சி பாத்து ஆர்சியோட ஒப்பிடுங்க. ஆர்சி தொலைஞ்சிருந்தா நகல் வாங்க வேண்டியது அவரு வேலை. வெளி மாநில வண்டிங்கறதால அவங்க ஆர்டிஓல படிவம் 28 குடுத்து தடையில்லா சான்று வாங்கி தரணும், பேர் மாத்த படிவம் 29, 30ல அவரு கையெழுத்து வேணும். இங்க 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா டிஎன் நம்பர் வாங்கியே ஆகணும். இதுக்கெல்லாம் அவரு கூட வந்து நிக்க ஒத்துக்கலைன்னா அந்த டிரெய்லரை விட்டுடுங்க, தளம் எவ்வளவு கெட்டியா இருந்தாலும் சரி.

பட்டறைக்காரர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க, சேசிஸ் நம்பர் குத்தி விற்பனைச் சான்று படிவம் 21, தகுதிச் சான்று படிவம் 22 ரெண்டும் தருவீங்களான்னு. தரேன்னா படிவம் 20 போட்டு பதியலாம். பில்லு மட்டும்தான்னா வேணாம். எது வாங்கினாலும் நம்பர் கைக்கு வந்த அன்னைக்கே இன்சூரன்ஸ் ஏஜெண்டை கூப்பிட்டு டிராக்டர் பாலிசியில டிரெய்லர் நம்பரை ஏத்த சொல்லுங்க, ஏத்தின பேப்பர் கைக்கு வர்ற வரைக்கும் தார் ரோட்டுல ஏத்தாதீங்க.